பதினைந்துக்கு எதிரே ஆறு

‘லக்கு’ என்ற சொல்லை யாராவது என் முன்னால் சொன்னால் இன்றைக்கும் எனக்கு முகம் சூடாகிவிடும். சின்ன விஷயத்துக்கு இவ்வளவு கோபமா என்று என் கணவர் கேட்பார். அவர் அப்படிக் கேட்பதற்கும் சேர்த்துக் கோபம் வரும்.

எண்பதுகளின் கடைசி அது. கல்யாணமாகி ராஜகீழ்ப்பாக்கத்தில் மாமியார் வீட்டில் இருந்தோம். முன்னால் ஒரு ஹால், பின்னால் இரண்டு அறைகள், கொல்லையில் கிணறு. ஓர் அறையில் நானும் கணவரும். இன்னொன்றில் என் ஓரகத்தி, அதாவது கணவரின் அண்ணன் மனைவி. அண்ணன் ஒரு பயணிகள் கப்பலில் பரிமாறும் ஸ்டூவர்ட். வருஷத்தின் பெரும்பகுதி கடலில் இருப்பார். மிச்சத்துக்கு வீட்டுக்கு வருவார். வந்தால் வீட்டில் எல்லாம் மாறிவிடும். எந்தப் பக்கம் ஃபேன் வைக்க வேண்டும், மீனை எப்படிப் பொரிக்க வேண்டும், நாட்டை எப்படி ஆள வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு பதில் இருக்கும்.

அந்த முறை அவர் கொண்டுவந்தது இருபத்தொன்று ஆட்டம். கப்பலில் ஒரு சூதாட்டக்கூடம் இருந்ததாம். வெள்ளைக்காரர்கள் பச்சைத் துணி போட்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்து விடிய விடிய இதைத்தான் ஆடுவார்களாம். அவர்களுக்குக் குடிக்கக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது பின்னால் நின்று பார்த்தே கற்றுக்கொண்டுவிட்டாராம்.

“ரம்மியெல்லாம் ரயில்ல போறவன் ஆடற ஆட்டம். இதுதான் மூளை இருக்கறவன் ஆட்டம்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, பிரியாணி சாப்பிட்டுவிட்டு, ஹாலில் ஜமுக்காளத்தை விரித்து உட்காருவார்கள். அண்ணன், என் கணவர், பக்கத்து வீட்டில் தண்ணீர் லாரி ஓட்டுபவர், அவர் அழைத்து வரும் யாராவது ஒருவர். காசு வைத்து ஆடினால் சபையில் தலைகாட்ட முடியாது என்று மாமியார் சொல்லிவிட்டதால் பந்தயம் தீக்குச்சிதான். நானும் ஓரகத்தியும் டீ போடுவோம், வாழைக்காய் பஜ்ஜி போடுவோம். ஜமுக்காளத்தின் ஓரத்தில் தட்டை வைத்துவிட்டு அடுப்புக்குத் திரும்புவோம்.

ஆட்டம் ரொம்ப எளிது. ஒருவர் பேங்க். அவர்தான் சீட்டைக் கலைத்துப் போடுவார். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு. பேங்க் தனக்கும் இரண்டு போட்டுக்கொண்டு அதில் ஒன்றை மட்டும் திறந்து வைப்பார். ராஜா, ராணி, ஜாக்கி எல்லாம் பத்து. ஏஸ் ஒன்று, அல்லது பதினொன்று. இருபத்தொன்றுக்குக் கிட்டே போக வேண்டும், தாண்டினால் அவுட். இன்னொரு சீட்டு வேண்டுமென்றால் கேட்கலாம், போதுமென்றால் நிற்கலாம். எல்லோரும் முடித்தபின் பேங்க் தன் சீட்டைத் திறப்பார். பதினாறு வரை எடுத்தே ஆக வேண்டும், பதினேழு வந்தால் நின்றே ஆக வேண்டும். அவருக்கு யோசிக்கிற வேலையே கிடையாது. இதைப் பிறகு நினைத்து நினைத்துச் சிரித்திருக்கிறேன். மூளை உள்ளவன் ஆட்டத்தில் மூளையே தேவைப்படாத ஒரே இடம் பேங்க்தான். அந்த இடத்தில் எப்போதும் அண்ணன்தான் உட்கார்ந்தார்.

ஒரு ஞாயிறு ஆள் குறைந்தது. “சும்மா ஒக்காரும்மா, நான் சொல்லித் தரேன்” என்று அண்ணன் என்னைக் கூப்பிட்டார். என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். சீட்டுக்கட்டு எங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டியதில்லை. ஆனாலும் உட்கார்ந்தேன். அடுப்படியில் வெந்துகொண்டிருப்பதைவிட ஃபேனுக்குக் கீழே உட்காருவது நல்லது என்றுதான் முதலில் தோன்றியது.

பதினான்கு வந்தது. என்ன செய்ய என்று விழித்தேன்.

“எடு, எடு. பயந்தா எப்படி?” என்றார் அண்ணன். எடுத்தேன். ராணி வந்தது. அவுட்.

“ஏம்மா எடுத்தே? பதினாலு போதும்ல?”

“நீங்கதானே அண்ணா எடுக்கச் சொன்னீங்க?”

“நான் சொன்னா என்ன, உனக்கா ஒரு இது தோணணும்.”

அடுத்த தடவையும் பதினான்கு வந்தது. நின்றேன். பேங்குக்கு இருபது வந்தது. “ஏன் நின்னே? தைரியமா ஒண்ணு எடுத்திருந்தா?” என்றார். மூன்றாம் தடவை எடுத்து, ஏழு வந்து, இருபத்தொன்று ஆனது. எல்லோரும் கைதட்டினார்கள். “லக்கு! புதுசா ஆடறவங்களுக்கு வர்ற லக்கு!” என்றார்.

எனக்கு உள்ளே ஏதோ சுர்ரென்று ஏறியது. தோற்றால் என் புத்தி. ஜெயித்தால் லக்கு. எடுத்துத் தோற்றால் எடுத்தது தப்பு, நின்று தோற்றால் நின்றது தப்பு. முடிவு தெரிந்த பிறகு அறிவுரை சொல்வதற்கு ஒருவர் எதற்குக் கப்பல் ஏறிப் போய்வர வேண்டும்?

நான் அப்போது மேற்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தேன். காலையிலிருந்து மதியம்வரை மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு வெள்ளையணுக்களை எண்ணுவதுதான் பாதி வேலை. ஒரு ஸ்லைடில் எந்த வகை எத்தனை என்று நூறு வரைக்கும் எண்ணித்தான் எழுத வேண்டும். முதலில் கண்ணில் படும் ஐந்தாறும் ஒரே வகையாக இருக்கலாம். அதை வைத்துக்கொண்டு ரிப்போர்ட் கொடுத்தால் ஒருவருக்கு இல்லாத வியாதிக்கு மருந்து கொடுத்துவிடுவார்கள். வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே இது மனதில் ஊறிவிட்டது. ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்த ஆண்களில் ஒருவருக்கும் இது ஊறவில்லை. ஒரே ஒரு சீட்டைப் பார்த்துவிட்டு ரிப்போர்ட் எழுதினார்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் எனக்குக் கர்ப்பம் கலைந்திருந்தது. மூன்றாம் மாதம். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து தாம்பரம் போகும் சாலை அந்த மழையில் சாலையாகவே இல்லை. ஏரித் தண்ணீர் வழிந்து, பள்ளம் எது மேடு எது என்று தெரியாமல் பஸ் குதித்துக் குதித்துப் போகும். “பஸ்ல போகாதே, வேலையை விடு” என்று மாமியார் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் டாக்டரம்மாவிடம் நேராகக் கேட்டேன். “தாராளமா போ, நீ ஆரோக்கியமா இருக்கே” என்றார் அவர். போனேன். பிறகு அப்படி ஆயிற்று. ஆன பிறகும் டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். “பஸ்ஸுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. கரு சரியா உருவாகலைன்னா உடம்பே கலைச்சிடும். நீ படுத்துக் கிடந்திருந்தாலும் இதுதான்” என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. “பஸ்ல போனா, கலைஞ்சிடுச்சு” என்று மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அந்தச் சின்ன வாக்கியத்துக்கு முன்னால் என் நீண்ட விளக்கம் நிற்கவே முடியவில்லை. என் கணவர் அந்த வாக்கியம் சொல்லப்படும்போதெல்லாம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்று ஆட்டத்துக்கு அடுத்த நாள் மதியம் லேபிலிருந்து வரும்போது கிழக்குத் தாம்பரம் மார்க்கெட் ஓரத்துக் கடையில் ஒரு சீட்டுக்கட்டு வாங்கினேன். ஓரகத்தி புளியைக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்தேன்.

“அக்கா, எனக்கு ஒரு விஷயம் தெரிஞ்சாகணும். பதினஞ்சு வந்தா எடுக்கணுமா, நிக்கணுமா?”

“அவரைக் கேட்டா சொல்வாரே.”

“அவருக்குத் தெரியாதுக்கா.”

ஓரகத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். இப்படி ஒருவர் வாய்விட்டுச் சொல்வதற்காகத்தான் அத்தனை வருஷமாகக் காத்திருந்தவர் போல முகம் மலர்ந்துவிட்டது. புளியை ஒதுக்கி வைத்தார்.

ஒரு பத்தும் ஒரு ஐந்தும் எடுத்து என் முன்னால் வைத்தேன். பேங்க் சீட்டாக ஆறைத் திறந்து வைத்தேன். மிச்சக் கட்டை அக்கா கலைத்துக் கொடுப்பார். முதலில் நான் நின்றதாக வைத்துக்கொண்டு பேங்குக்குச் சீட்டு போடுவோம். பிறகு அதே வரிசையைத் திரும்ப அடுக்கி, நான் ஒன்று எடுத்ததாக வைத்துக்கொண்டு போடுவோம். நின்று தோற்றால் இந்த டம்ளரில் ஒரு புளியங்கொட்டை. எடுத்துத் தோற்றால் அந்த டம்ளரில். திரும்பக் கலை, திரும்பப் போடு. மாமியாரும் அண்ணனும் மதியத் தூக்கத்தில் இருக்கும் நேரத்தில் நாள்தோறும் இதைச் செய்தோம்.

முதல் நாள் ஒன்றும் புரியவில்லை. சில நேரம் இந்த டம்ளர் ஏறியது, சில நேரம் அந்த டம்ளர். “பாத்தியா, லக்குதான் போல” என்றார் அக்கா. “இன்னும் போடுங்கக்கா” என்றேன். ஒரு வாரத்தில் எடுத்த டம்ளர் கழுத்துவரை வந்துவிட்டது. நின்ற டம்ளர் கொஞ்சம் கீழேயே இருந்தது. ஆறு என்பது பேங்குக்கு மோசமான சீட்டு. உள்ளே பத்து இருந்தால் பதினாறாகிவிடும். இஷ்டமிருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்னொன்று எடுக்க வேண்டும். அது அவுட் ஆகும்வரை நாம் சும்மா நிற்பதுதான் நல்லது. நின்றாலும் பாதிக்குமேல் தோற்கத்தான் செய்கிறோம். எடுத்தால் அதைவிட அதிகமாகத் தோற்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

பேங்கிடம் ஏழோ எட்டோ தெரிந்தால் கதை தலைகீழ். நின்றால் செத்தோம், எடுத்தாக வேண்டும். ராஜா தெரிந்தால் இரண்டு டம்ளரும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் ஏறின. எப்படி ஆடினாலும் அடிதான். இரண்டு எட்டு வந்தால் பிரித்து இரண்டு ஆட்டமாக ஆடுவது நல்லது. இரண்டு ராஜா வந்தால் ஆசைப்பட்டுப் பிரிக்கக் கூடாது. பதினொன்று வந்தால் பந்தயத்தை இரட்டிப்பாக்கலாம். ஒவ்வொன்றையும் புளியங்கொட்டை சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

ஒரு மதியம் அக்கா சட்டென்று கையை நிறுத்தினார்.

“இரு. நானும் அவுட், அவரும் அவுட்னா யாருக்கு?”

“நாம முதல்ல அவுட் ஆயிட்டோம்லக்கா. நம்ம தீக்குச்சியை அவர் அப்பவே எடுத்துக்கிட்டார். அவர் சீட்டைத் திருப்பவே வேண்டாம்.”

“அப்ப அவர் எப்பவுமே ஜெயிக்கறது…”

“அந்த எடத்துல ஒக்காந்திருக்கறதால.”

அக்கா கையிலிருந்த கட்டைக் கீழே வைத்தார். பிறகு, “கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவரைப் பெரிய புத்திசாலின்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்டி” என்றார். அந்தக் குரலில் இருந்தது துக்கமில்லை. என்னுடையதைவிடப் பழைய கோபம்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிறு நானே போய் உட்கார்ந்தேன். என் கணவர் புருவத்தை உயர்த்தினார். நான் பார்க்காததுபோல் இருந்தேன். யாரையும் கேட்கவில்லை, யோசிக்கவும் இல்லை. ஆறு தெரிந்தால் நின்றேன். எட்டு தெரிந்தால் எடுத்தேன். ஜெயித்தேன், தோற்றேன், ஆனால் தீக்குச்சி மெதுவாகத்தான் கரைந்தது. மற்றவர்கள் பெட்டிக்கு மேல் பெட்டியாக வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

“இன்னிக்கு இவங்களுக்கு லக்கு அடிக்குது” என்றார் அண்ணன்.

பிறகு அவருக்கு ஏஸ் திறந்தது. அப்படித் திறந்தால் அவர் ஒரு வியாபாரம் செய்வார். அதற்கு இன்ஷூரன்ஸ் என்று பெயர். அவருக்கு உள்ளே பத்து இருந்தால் இருபத்தொன்று, எல்லோரும் தோற்பார்கள். அந்த நஷ்டத்துக்குப் பயந்து தனியாகக் கொஞ்சம் தீக்குச்சி கட்டினால், பத்து இருந்தபட்சத்தில் இரண்டு மடங்காகக் கொடுப்பார். எல்லோரும் கட்டினார்கள்.

“நீயும் கட்டும்மா. பொம்பளைங்க எப்பவும் சேஃப்டி பாக்கணும்.”

“வேண்டாம்ணா.”

“ஏன்?”

“கட்டுல பத்து மூணுல ஒண்ணு கூட இல்லண்ணா. நீங்க கொடுக்கறது ரெண்டு மடங்குதான். அது உங்களுக்குத்தான் லாபம்.”

தண்ணீர் லாரிக்காரர் தன் தீக்குச்சியை அப்படியே பின்னால் இழுத்துக்கொண்டார். “இன்னாண்ணா, இத்தினி நாளா நம்மள ஏமாத்திகினு கீறியா?” என்று சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

அன்றைக்கே இன்னொன்றும் கேட்டேன். “பேங்கை மாத்தி மாத்தி வெச்சுக்கலாமே. ஆளுக்கு ஒரு சுத்து.”

“பேங்க்னா சும்மாவா? அதுக்குன்னு ஒரு திறமை வேணும்.”

“பதினாறுல எடுக்கணும், பதினேழுல நிக்கணும். இதுல என்ன திறமைண்ணா?”

என் கணவர் பஜ்ஜியைக் கையில் எடுத்து அதை இரண்டாகப் பிய்த்தார். சாப்பிடவில்லை. “அவ சும்மா சொல்றா, நீ போடுண்ணா” என்றார். நான் சும்மா சொல்லவில்லை. சும்மா சொல்லவில்லை என்று அவருக்கும் தெரியும்.

அந்த ஆட்டம் நடந்தது அதற்கடுத்த ஞாயிறு. நான் கடைசியில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பிறகு பேங்க். எல்லோரும் அன்று ஆவேசமாக இருந்தார்கள். கையிலிருந்த தீக்குச்சியையெல்லாம் ஒரே ஆட்டத்தில் வைத்துவிட்டார்கள். அண்ணனுக்கு ஆறு திறந்தது. எனக்கு ராஜாவும் ஐந்தும். பதினைந்துக்கு எதிரே ஆறு. புளியங்கொட்டையை எண்ணி எண்ணி விரல் நுனி கறுத்துப் போயிருந்த எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

“நிக்கறேன்” என்றேன்.

அண்ணன் உள்ளே இருந்ததைத் திருப்பினார். ஒன்பது. அவருக்கும் பதினைந்து. அடுத்த சீட்டை எடுத்தார். ஆறு. இருபத்தொன்று. எல்லோரும் ஒரே அடியில் காலி.

ஹாலே எழுந்து நின்றது. அண்ணன் சும்மா இருக்கவில்லை. அதற்கடுத்த சீட்டையும் எடுத்துத் திருப்பினார். ராணி.

“பாருங்க! பாருங்க எல்லாரும்! இவ எடுத்திருந்தா அந்த ஆறு இவளுக்கு வந்து இருபத்தொண்ணு. எனக்கு ராணி வந்து நான் அவுட். எல்லாரும் ஜெயிச்சிருப்பீங்க! ஒரே ஒரு சீட்டு எடுக்காம எல்லாரையும் கவுத்துட்டா!”

“அண்ணா, எனக்கு அடுத்த சீட்டு தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரியாதப்ப நிக்கறதுதான் சரி.”

“சரியாம்! தோத்துப்போய்ட்டு சரியாம்!” அவர் சிரித்துக்கொண்டேதான் பேசினார். கெட்ட எண்ணம் இருந்ததாகக்கூட இப்போது தோன்றவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். “இந்தப் பொண்ணு எப்பவும் இப்படித்தான். எடுக்க வேண்டியதை எடுக்காது, போகாதேன்னா போகும். அன்னிக்கும் அம்மா பஸ்ல போகாதேன்னு சொன்னாங்க. கேட்டாளா?”

வாசல் பக்கம் உட்கார்ந்து ஜெபப்புத்தகம் படித்துக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்தார். மறுக்கவில்லை. நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் ஜமுக்காளத்தின் ஓரத்து நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள் போலிருக்கிறது. ஒரு கணம் அப்படியே காத்திருந்தார்கள். நான் கைநீட்டி எல்லாச் சீட்டையும் வாரி எடுத்தேன்.

“யாரும் எழுந்திருக்காதீங்க. ஒக்காருங்க” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. சமையல்கட்டிலிருந்து அக்கா வந்து வாசற்படியில் நின்றார்.

ராஜாவையும் ஐந்தையும் என் முன்னால் வைத்தேன். ஆறை அண்ணன் முன்னால் வைத்தேன். கட்டைக் கலைத்து அவரிடம் நீட்டினேன். “வெட்டுங்க.”

“என்னம்மா இது?”

“வெட்டுங்கண்ணா.”

வெட்டினார். போட்டேன். நின்றால் தோல்வி, எடுத்திருந்தால் ஜெயம். “ஆங்!” என்றார். இன்னொரு முறை போட்டேன். மறுபடியும் எடுத்திருந்தால் ஜெயம். தொடையில் தட்டிச் சிரித்தார். மூன்றாவதும் அவர் பக்கமே போனது. ஆனால் நான் நிறுத்தவில்லை. இதே மாதிரி எத்தனை ஸ்லைடு பார்த்திருக்கிறேன். முதல் ஐந்தாறு எப்போதும் பொய் சொல்லலாம்.

நாலாவது என் பக்கம் வந்தது. ஐந்தாவதும் வந்தது. அதற்குமேல் அண்ணன் வெட்டுவதை நிறுத்திவிட்டார். “போதும் போதும், தலைவலிக்குது” என்று சட்டையையும் செருப்பையும் மாட்டிக்கொண்டு சிகரெட் பிடிக்க வெளியே போய்விட்டார். தன் பக்கம் காற்று அடிக்கும்வரை இருந்தார். திரும்பும்போது எழுந்து போய்விட்டார். எனக்கு அவர்மேல் எத்தனையோ கோபம் உண்டு. ஆனால் அந்தச் செருப்புச் சத்தம்போல வேறெதுவும் என்னைக் கொளுத்தியதில்லை.

“யாராவது வெட்டுங்க” என்றேன்.

தண்ணீர் லாரிக்காரர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “குடுக்கா, நான் வெட்றேன்.” அவர் வெட்டினார், நான் போட்டேன். அக்கா இரண்டு டம்ளரைக் கொண்டுவந்து வைத்து, சிதறிக் கிடந்த தீக்குச்சிகளை ஒவ்வொன்றாகப் போட்டார். மின்சாரம் போய் ஃபேன் நின்றது. வேர்த்துக் கொட்டியது. டம்ளர்களில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிற அளவு ஏறியபோது லாரிக்காரர் தலையைச் சொறிந்தார்.

“யக்கா, நீ சொன்னது கரெக்டாத்தான் கீது. எடுத்த டம்ளர்தான் ரொம்பிகினு வருது. அண்ணாத்தே இன்னாத்துக்கு உன்னாண்ட போயி கத்திச்சு?”

நான் மாமியாரிடம் திரும்பினேன்.

“அத்தை, டாக்டரம்மா என்ன சொன்னாங்கன்னு உங்களுக்கு நான் சொல்லியிருக்கேன். பஸ்ல போனதால இல்ல. படுத்துக் கெடந்திருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். நான் கேட்டுட்டுத்தான் போனேன். சரியான ஆளைக் கேட்டுட்டுப் போனேன். அப்புறமும் நடந்துடுச்சு. இனிமே யார்கிட்டயாவது பஸ்ஸுன்னு சொன்னீங்கன்னா, அவங்க முன்னாலயே நான் இல்லைன்னு சொல்வேன்.”

“நான் என்னடி சொன்னேன்? பொதுவா சொல்றதுதானே” என்று மாமியார் ஜெபப்புத்தகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனார்.

சாயங்காலம் கிணற்றடியில் பாத்திரம் தேய்க்கும்போது என் கணவர் வந்து நின்றார். “ஒரு கேம்தானே. இவ்ளோ பெரிசாக்கணுமா?” என்றார். கையில் இருந்த குண்டானைத் தரையில் வைத்தேன். வைத்தேனா போட்டேனா தெரியவில்லை, அதில் ஒரு பள்ளம் விழுந்தது.

“கேம் இல்ல. உங்க அண்ணன் அதைச் சொன்னப்ப நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?”

“அவர் பெரியவர். நான் என்ன சொல்ல முடியும்?”

“‘இல்லண்ணா’ன்னு சொல்ல முடியும். அது ஒரே வார்த்தை.”

அவர் உள்ளே திரும்பிப் போனார். அன்றிலிருந்து பல நாட்கள் எங்களுக்குள் சாப்பாடு, சாவி, மண்ணெண்ணெய் தவிர வேறு பேச்சில்லை.

அடுத்த ஞாயிறு ஜமுக்காளம் விரிக்கப்படவில்லை. “லேடீஸ் வந்தா ஆட்டம் கெட்டுப்போகுது” என்று அண்ணன் சொன்னதாக அக்கா வந்து சொன்னார். சொல்லிவிட்டுச் சீட்டுக்கட்டை எடுத்தார். சமையல்கட்டிலேயே இரண்டு பேரும் ஆடினோம். ஆளுக்கு ஒரு சுற்று பேங்க். ஹாலிலிருந்து டீ கேட்டுக் குரல் வந்தது. “ஆட்டத்துல இருக்கேன்” என்று அக்கா உரக்கச் சொன்னார். அந்த வீட்டில் அந்த வாக்கியம் அதற்குமுன் ஒரு பெண் வாயிலிருந்து வந்ததில்லை.

அண்ணன் கப்பலுக்குத் திரும்பினார். நானும் கணவரும் கீழ்க்கட்டளையில் ஒரு சின்ன வாடகை வீட்டுக்குப் போனோம். லேபுக்குத் தூரம் கூடியது, ஆனாலும் போனோம். நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அவர் சம்மதித்தார், அதை மட்டும் சொல்லியாக வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு மறுபடியும் நாள் தள்ளிப்போனது. அதே டாக்டரம்மாவிடம் போனேன், அதே கேள்வியைக் கேட்டேன், அதே பதிலைச் சொன்னார். இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனேன். பல்லாவரத்தில் இறங்கி, கூட்டத்தில் இடிபட்டு, அடுத்த பஸ்ஸுக்கு ஓடி. ஒவ்வொரு குலுக்கலுக்கும் எனக்குப் பயம் வரவில்லை என்று சொன்னால் பொய். வயிற்றில் கை வைத்துக்கொண்டுதான் போனேன். சரியென்று தெரிந்து செய்வதும் பயமில்லாமல் செய்வதும் ஒன்றல்ல. அதையும் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. அறுவை சிகிச்சை. மறுநாள் மாமியார் ஆஸ்பத்திரிக்கு வந்தார். குழந்தையை மடியில் வாங்கி, கண்ணை மூடி ஜெபம் பண்ணி, நெற்றியில் முத்தம் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து வாஞ்சையாகச் சொன்னார்.

“இந்தத் தடவை நீ ஜாக்கிரதையா இருந்தே. அதான்.”

வாஞ்சையாகத்தான் சொன்னார். என்னால் தாங்க முடியவில்லை.

“நான் போன தடவையும் ஜாக்கிரதையாத்தான் இருந்தேன்!” என்று கத்தினேன். “ஒரு துளிகூட வித்தியாசம் இல்ல. போன தடவை ஒரு பஸ். இந்தத் தடவை ரெண்டு பஸ். இந்தக் குழந்தை பிறந்ததும் நான் பண்ணினதால இல்ல, அந்தக் குழந்தை போனதும் நான் பண்ணினதால இல்ல!”

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் திரும்பினார்கள். நர்ஸ் ஓடிவந்து, “தையல் பிரிஞ்சுடும், கத்தாதீங்க” என்றாள். குழந்தை வீறிட்டது. மாமியார் கண் கலங்கி, நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சுற்றிலும் பார்த்தார்.

என் கணவர் கதவருகே பால் பிளாஸ்க்குடன் நின்றிருந்தார். வழக்கம்போல் பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். திருகுவதை நிறுத்தினார்.

“அம்மா,” என்றார். “அவ சொல்றது சரிதான். போன தடவையும் அவ மேல தப்பு இல்ல.”

அவ்வளவுதான் சொன்னார். மாமியார் அவரை நிமிர்ந்து பார்த்தார். குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பஸ் பேச்சை அவர் எடுத்ததில்லை. எங்கள் வீட்டில் என்றைக்கும் இல்லை. மற்ற இடங்களில் எடுத்தாரா என்று எனக்குத் தெரியாது.

கணவர் டம்ளரில் பாலை ஊற்றி நீட்டினார். நான் நன்றியோடு பார்ப்பேன் என்று எதிர்பார்த்திருப்பார். இத்தனை வருஷம் கழித்தா என்றுதான் எனக்குத் தோன்றியது. வயிறு எரிந்தது, தையலும் எரிந்தது, பசியும் இருந்தது. டம்ளரை வாங்கிக் குடித்தேன்.